கிழிந்த துருத்தி

துருத்தி என்றவுடன் நம்மவர் நினைவுக்கு வருவது கொல்லன் உலைக்களமே. பஜனை மடத்தில் வளர்ந்தவர்க்கு ஆர்மோனியப் பெட்டியின் பின்புறம் நினைவுக்கு வருதலுங் கூடும். படம் பிடிக்கும் கமராவுக்கும் ஒரு துருத்தி உண்டு என்று இன்று கல்லூரியிற் பயிலும் மாணவர் ஒருவரிடம் கூறின், அவர் நம்மை ஐயத்தோடு நோக்குவர். அவர்மேற் குறையில்லை. அவர் அறிந்த கமரா கைப்பேசியின் முதுகிலுள்ள கண்ணாடிப் பொட்டு ஒன்றே. ஆயினும் நம் பாட்டன்மார், தந்தைமார் காலத்துக் கலியாணப் படங்களும், கல்லூரி மண்டபத்தில் வரிசையாகத் தொங்கும் குழுப்படங்களும் பெரும்பாலும் ஒரு கறுப்புத் துருத்தியின் இருளுக்குட் பிறந்தவையே.

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க்குழுவினர் பணித்தபோது, அக்காலத்து ஆசிரியர் பெருமையையோ விடுதி வாழ்க்கையையோ எழுதுவேன் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அவற்றை என்னிலும் நன்கு எழுத வல்லார் பலர் உளர். யான் எழுதப் புகுந்தது, பழைய மடிப்புக் கமராவின் துருத்தி கிழிந்தால் அதனை என் செய்வது என்னும் சிறு பொருள் பற்றியே. சிறிதெனினும் அதில் அபிப்பிராய பேதம் உண்டு. சிலர் ஓட்டையை அடைத்தாற் போதும் என்பர். சிலர் கிழிந்தபடியே கண்ணாடி அலுமாரியில் வைத்தலே முறை என்பர். புதுத் துருத்தி செய்து பூட்டிப் படம் எடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. அக்கட்சிக்கு யான் வந்த வழி இனியதன்று.

முதலில், துருத்தி செய்யும் தொழில் யாது என்பதைச் சொல்லி விடுகிறேன். கமராவின் முன்னே கண்ணாடி வில்லை; பின்னே பிலிம். இரண்டுக்கும் இடையே குறித்த தூரம் வேண்டும். அத்தூரம் முழுவதும் இருளாகவும் இருத்தல் வேண்டும். தொடக்கக் காலத்தில் ஒன்றினுள் ஒன்று வழுக்கிச் செல்லும் மரப்பெட்டிகளைக் கொண்டு இதனைச் செய்தனர். பெட்டிகள் பாரமாயின. 1850களில் மடிப்புத் துருத்தி பரவலாயிற்று. விரித்தால் ஒரு சாண் நீளும். மடித்தால் இரு விரற்கடையுள் அடங்கும். அதன்பின் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிற் சட்டைப்பையில் வைக்கத்தக்க மடிப்புக் கமராக்கள் வந்தன. 1901ஆம் ஆண்டில் வெளிவந்த 120 என்னும் இலக்கமுடைய பிலிம் சுருளோ இன்றும் உற்பத்தியாகிறது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாக அளவு மாறாது விற்கப்படும் பொருள் உலகில் எத்தனை என எண்ணிப் பார்க்க.

துருத்தியிற் கேடு வரும் இடம் பெரும்பாலும் மூலைகளே. பக்கங்கள் ஒரு வழியில் மட்டும் மடிவன; மூலையோ பல வழியில் ஒருங்கே மடிந்து விரிவது. அங்கே தோல் தேய்ந்து ஊசிமுனையளவு துளை விழும். விஞ்ஞான வகுப்பில் ஊசித்துளைக் கமரா செய்தமை எல்லார்க்கும் நினைவிருக்கும். ஒரு துளை இருந்தாற் கமரா. வேண்டாத இடத்தில் இரண்டாவது துளை விழுந்தால் அது கமரா அன்று. 1950களில் தோலுக்குப் பதிலாகச் செயற்கைப் பூச்சிட்ட துணியைச் சில தொழிற்சாலைகள் மலிவு கருதிப் பயன்படுத்தின. அத்துணி தோலினும் விரைவில் மூலையில் வெடித்தது. நம் மாவட்டத்தின் காலநிலையும் துருத்திக்கு நண்பனன்று. மாரியிற் பூஞ்சணம் பிடிக்கும்; ஆனி ஆடியிற் கச்சான் காற்று தோலை முறுக்கிக் காயவைக்கும். எஞ்சியதைக் கரப்பானும் இராமபாணமும் பகிர்ந்துகொள்ளும். துருத்தியை ஒட்டிய பசையே அவற்றுக்கு விருந்து.

என் பெரியதந்தையார் கிளிவெட்டியில் வாழ்ந்தவர். மூதூருக்குத் தெற்கே வயல்களின் நடுவே அமைந்த அவ்வூரில் அக்காலத்திற் படம் பிடிக்கும் கடை ஏது? நகருக்குச் செல்வதாயின் மூதூருக்கு வந்து, கொட்டியாரக் குடாவை இயந்திரப் படகிற் கடத்தல் வேண்டும். தரை வழியாயின் ஆற்றுத்துறை தோறும் பாதைக்குக் காத்திருத்தல் வேண்டும். கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009இலேயே. ஆதலின் ஊரில் எவர்க்குப் படம் வேண்டினும் பெரியதந்தையாரே எடுப்பார். ஜேர்மனியிற் செய்த மடிப்புக் கமரா ஒன்று அவரிடம் இருந்தது. ஒரு சுருளில் எட்டுப் படம். ஒவ்வொரு மூலப்படமும் ஆறு சென்ரிமீற்றருக்கு ஒன்பது சென்ரிமீற்றர். இவ்வளவு பெரிதாதலின் பெருப்பிக்கும் கருவி வேண்டியதில்லை. கண்ணாடித் தட்டின்கீழ் மூலப்படத்தையும் தாளையும் சேர்த்து வைத்து, நொடிப்பொழுது வெளிச்சங் காட்டி, அதே அளவிற் படம் எடுத்துவிடலாம். மின்சாரம் எட்டாத வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கைக் கொண்டே அவர் அதனைச் செய்ததை யான் கண்டதுண்டு. சூடு மிதித்தல், கோயிற்றிருவிழா, பெண்பிள்ளைகளின் நீராட்டுச் சடங்கு, பாடசாலையின் கடைசி நாள் எல்லாம் அவர் பெட்டியுட் புகுந்தன.

அப்படங்களில் இன்று எஞ்சியவை மிகச் சில. 1985ஆம் ஆண்டின் வன்செயலில் ஊரார் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினர். கையில் அகப்படுவது பிள்ளையும் நெல்லுமன்றிப் படக்கொப்பி அன்று. 1990இல் மீண்டும் ஓட்டம். 1996 பெப்ரவரியில் அயலூராகிய குமாரபுரத்தில் நடந்த கொலைகளை இம்மலரின் வாசகர்க்கு யான் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2004 மார்கழிக் கடல்கோள் கரையோர வீடுகளின் அலுமாரிகளை அள்ளிச் சென்றது. 2006இற் சம்பூர்ப் பகுதியினின்றும் பெயர்ந்தோரிற் பலர் பல்லாண்டு கிளிவெட்டி முகாமில் வாழ்ந்தனர். அவர்களோடு யான் உரையாடிய நாட்களில், இழந்தவற்றுள் வீட்டையும் மாட்டையும் முதலிற் சொல்வர். சற்றுப் பொறுத்துத் தாயின் படத்தைச் சொல்வர். வீட்டை நிறுவனங்கள் கட்டித் தந்தன. தாயின் படத்தை எவர் தருவார்?

கமராவோ தப்பிற்று. நெல் மூட்டைக்குள் இருந்தது என்பர். பெரியதந்தையார் மறைந்தபின் அஃது என் கைக்கு வந்தபோது வில்லை தெளிவாகவே இருந்தது. மணிப்பொறி போன்ற மூடி சற்றுச் சோம்பலோடு இயங்கிற்று. இருட்டறையிற் சிறு மின்சூளை உள்ளே வைத்து, மூடியைச் சாத்தித் துருத்தியை விரித்துப் பார்த்தேன். கார்த்திகை விளக்கீடு போல் மூலைதோறும் ஒளிப் புள்ளிகள். கொழும்பிற் பழுது பார்க்கும் ஒருவரிடம் காட்டியபோது, இதற்குச் செலவிடுவது வீண், அழகுக்கு வையுங்கள் என்றார். ஓட்டையை அடைக்கலாம் என்று வேறு சிலர் சொல்ல, யானும் நகப்பூச்சிற் கரும்பொடி குழைத்து மூலை மூலையாகப் பூசினேன். அன்றிரவே சூளை வைத்துச் சோதித்தேன். ஒரு புள்ளியும் இல்லை. என் கைத்திறத்தை யானே மெச்சிக்கொண்டேன்.

கிளிவெட்டியில் எங்கள் உறவினளாகிய ஆச்சி ஒருவர் இருந்தார். தொண்ணூறைத் தாண்டியவர். மும்முறை வீடிழந்தவர், அவர் இளமையில் எடுத்த படம் ஒன்றேனும் மிஞ்சவில்லை. பெரியப்பன் பெட்டி உயிர்த்திருக்கிறது என்று கேட்டதும், “மகன், அவர் என்னைக் கலியாணக் கோலத்தில் எடுத்தவர். நீயும் ஒரு படம் எடு. அந்தியேட்டிக்கு வைக்கலாம்” என்று சொல்லிச் சிரித்தார். வெள்ளைச் சேலை உடுத்து முற்றத்திற் பலாமரத்தடியில் இருந்தார். ஒரு சுருள் முழுவதையும் அவர்க்கே செலவிட்டேன். கழுவிப் பார்த்தபோது எட்டிலும் மூலையிலிருந்து குறுக்கே ஒளி பாய்ந்து முகத்தை மறைத்திருந்தது. நகப்பூச்சு காய்ந்தபின் கண்ணாடி போல் இறுகுவது. மடித்து விரித்ததும் வெடித்துவிட்டது. பூசியவுடன் சோதித்த யான், பத்து முறை மடித்து விரித்தபின் சோதிக்கவில்லை. அதுவே என் பிழை. அடுத்த சுருள் வெளிநாட்டிலிருந்து ஓர் உறவினர் கையில் வரும்வரை காத்திருந்தேன். சுருள் பங்குனியில் வந்தது. ஆச்சி மாசியிற் காலமாகிவிட்டார். அந்தியேட்டியன்று அடையாள அட்டையிலிருந்த முத்திரையளவுப் படத்தைப் பெருப்பித்து மாலையிட்டு வைத்தனர். கண்ணும் மூக்கும் இருந்தன, ஆச்சி இல்லை.

கைப்பேசியில் எடுத்திருக்கலாமே என்று வாசகர் கேட்பர். எடுத்திருக்கலாம். அன்று அஃது என் சட்டைப்பையிலேயே இருந்தது. இக்கேள்விக்கு என்னிடம் நல்ல விடை இல்லை.

புதுத் துருத்தி செய்ய வேண்டும் என்று முடிவு செய்தபின், அதனைச் செய்ய வல்லாரைத் தேடினேன். வெளிநாடுகளிற் செய்து விற்போர் உண்டு. ஆனால் பெட்டியை அனுப்பி வாங்கும் செலவு பெட்டியின் விலையினும் மிகுதி. அப்போதுதான் நகரில் ஆர்மோனியம் திருத்தும் முதியவர் ஒருவரின் நினைவு வந்தது. ஆர்மோனியத்துக்கு நம் இசை வல்லார் சபையில் நல்ல பெயர் இல்லை என்பது யாவரும் அறிந்ததே. அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை அதனை வாயிலுக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது. சுருதியில் அஃது என்ன குற்றஞ் செய்திருப்பினும், துருத்தி செய்யும் கலையை நம்மூரில் அழியாது காத்தது அப்பெட்டியே. அட்டை விலாக்கள், மடிப்பிற் துணி, மூலையில் மெல்லிய தோல்: கமராத் துருத்தியும் இதுவேயன்றி வேறில்லை. பெரியவர் என் பெட்டியை இருமுறை விரித்து மூடிப் பார்த்தார். “தம்பி, என் பெட்டியிற் காற்று வெளியே போகக்கூடாது. உங்கள் பெட்டியில் வெளிச்சம் உள்ளே வரக்கூடாது. வேலை ஒன்றுதான்” என்றார். நகப்பூச்சைக் கண்டு அவர் ஒன்றும் சொல்லவில்லை. விரலாற் தட்டிப் பார்த்தார். விறைத்த ஒட்டு தான் வெடிப்பதோடு நில்லாது, அடுத்த மடிப்பையும் இழுத்துக் கிழிக்கும் என்பதை அவரே எனக்குக் காட்டினார். பக்கத்து மடிப்புகள் அப்படியே கிழிந்திருந்தன.

வேலை அவர் சொன்ன அளவுக்கு ஒன்றாக இருக்கவில்லை. பழைய துருத்தியின் அடிப்பக்கத்து ஒட்டைப் பிரித்து, அதனைத் தட்டையாக விரித்து, மடிப்புக் கோடு ஒவ்வொன்றையும் தாளிற் படியெடுத்தோம். முன்புறம் ஒடுங்கி வருவதாதலின் பக்கம் ஒவ்வொன்றும் தலை வெட்டிய முக்கோணம் போல அமையும். முதற்றுருத்தியை அவர் தம் வழக்கப்படி கொப்பி மட்டையும் புத்தகங் கட்டும் துணியுங் கொண்டு செய்தார். பார்க்க அழகு, கமரா மூடவில்லை. ஆர்மோனியத்துக்கு இடம் தாராளம். மடிப்புக் கமராவிலோ மயிரிழை இடமே உண்டு. இரண்டாவதற்குத் தபாலட்டைக் கனமுள்ள அட்டையும் கறுப்புக் குடைத்துணியும். இப்போது பெட்டி மூடிற்று, வெளிச்சம் புகுந்தது. நடுப்பகலிற் குடையை நிமிர்ந்து பார்த்தவர்க்கு இதன் காரணம் விளங்கும். காற்றை மறிக்கும் துணி எல்லாம் ஒளியை மறிப்பதில்லை என்று பெரியவரும் அன்று கற்றுக்கொண்டார். மூன்றாவது, பழைய மழைச்சட்டை ஒன்றிலிருந்து வெட்டிய றப்பர் பூசிய மெல்லிய துணி. உள்ளே மற்றொரு மெல்லிய கறுப்புத் துணி. இரண்டுக்கும் இடையே அட்டை விலாக்கள். விலாவுக்கும் விலாவுக்கும் இடையில் ஒன்றரை மில்லிமீற்றர் வெளி விடவேண்டும், விடாவிடின் மடியாது. பசை, சைக்கிள் றியூப் ஒட்டும் சொலூசன். மாப்பசையில் மயில்துத்தம் கலந்தாற் பூச்சி அணுகாது என்பது புத்தகங் கட்டுவோர் அறிந்த உண்மைதான். ஆனால் மாப்பசையின் ஈரம் அட்டையை வளைத்துவிடும். பசை முற்றாக இறுகுமுன் விரல் நுனியால் மடிப்பு மடிப்பாகக் கிள்ளி, மடித்து, இரவு முழுவதும் கனமான அகராதியின்கீழ் வைத்தோம்.

உள்முகம் பளபளத்தால் ஒளி அங்குமிங்கும் தெறித்துப் படம் வெளிறும். ஆதலின் விளக்குக்கரி தேய்த்து மங்கச் செய்தோம். பின்னர் வில்லையைப் பிடித்திருக்கும் வளையத்தை உட்புறமிருந்து கழற்றி, துருத்தியின் முன்வாயை முறுக்கின்றிப் பூட்டி, பின்வாயைச் சட்டத்தில் ஒட்டி முடித்தோம். பிலிம் அமரும் இடத்தில் எண்ணெய்த்தாளை இழுத்து ஒட்டி, மூடியைத் திறந்து வைத்து, தூரத்திலுள்ள கோணேசர் மலையை நோக்கினோம். மலை தலைகீழாகத் தாளிற் தெளிந்து நின்றது. பெரியவர் கீழே குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

பத்து முறை, இருபது முறை அன்று, நூறு முறை மடித்து விரித்து, ஒவ்வொரு இருபதுக்கும் ஒருமுறை இருட்டிற் சோதித்தேன். இதனை இளைஞர் குறித்துக்கொள்க. வேறொன்றும் குறித்துக்கொள்க: கமராவைச் சடுதியாகத் திறவாதீர். திறக்கும்போது துருத்தி காற்றை உறிஞ்சும்; மூலைகள் இழுபடும்; பிலிமும் தன் தளத்தினின்று வளையும். மெல்லத் திறந்து, அதன்பின் சுருளை அடுத்த இலக்கத்துக்குச் சுற்றுதல் நன்று.

பழைய பொருளின் மூலவுறுப்பை அகற்றுதல் தகாது என்பார் கூற்றை யான் இகழவில்லை. உலகில் ஒன்றிரண்டே எஞ்சிய கருவியாயின் அவர் சொல்வதே சரி. அதனை நூதனசாலையில் வைக்க. ஆனால் என் பெரியதந்தையாருடையது போன்ற பெட்டிகள் ஆயிரக்கணக்கிற் செய்யப்பட்டவை. கிழிந்த துருத்தியை உறையிலிட்டு, நாளும் அளவும் எழுதி, பெட்டியோடு வைத்திருக்கிறேன். பழமை விரும்புவோர் வந்து பார்க்கலாம். கமரா செய்யப்பட்டது பார்க்கப்படுவதற்கன்று, பார்ப்பதற்கு. திருகோணமலை இந்துக் கல்லூரியிற் பணியாற்றிய விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் யாழைப் பற்றி ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை வெளியிட்டார். யாழ் என்பது பண்டு இருந்தது என்று கூறி அமையாது, அது எவ்வாறு ஒலித்தது என்று கணக்கிட்டுக் கண்டவர் அவர். யான் சொல்வது அத்துணைப் பெரிய காரியமன்று. ஒரு முழம் துணியும் நாலு தபாலட்டையும் போதும்.

விழாவையொட்டி நடைபெறும் கண்காட்சியிற் பழைய கமராக்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம் என்று நண்பர் ஒருவர் யோசனை கூறினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. பழைய மாணவர் வீட்டு அலுமாரிகளிற் கிடக்கும் மடிப்புக் கமராக்களைக் கல்லூரிக்குத் தருக. கண்ணாடிப் பெட்டிக்கன்று, கைப்பணி மேசைக்கு. ஆர்மோனியம் திருத்துபவரையும் புத்தகங் கட்டுபவரையும் கூலி கொடுத்து அழைத்து வந்து, வாரம் ஒருமுறை மாணவர்க்குக் கற்பிக்கச் செய்க. அவர்களிடம் பட்டமில்லை என்று அதிபரவர்கள் தயங்காதிருப்பாராக. திருத்திய கமராவோடு மாணவர் மூதூர், கிளிவெட்டி, வெருகல் எனச் சென்று முதியோரைப் படம் எடுக்கட்டும். ஒருபடி வீட்டாருக்கு, ஒருபடி கல்லூரி நூலகத்துக்கு. மூலப்படம் உலர்ந்த தகரப் பெட்டியில். கைப்பேசியிலும் ஒன்று எடுத்துக்கொள்க. அதை வேண்டாம் என்று சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் கைப்பேசி மாறும்போதெல்லாம் படங்கள் மறைவதையும் கண்டிருக்கிறோம். பெரியதந்தையாரின் மூலப்படங்களில் எஞ்சியவை பதினொன்று. வெயிலுக்கு நேரே பிடித்தால் இன்றும் சூடு மிதிக்கும் மாடுகளை எண்ணலாம்.

செலவு பற்றி மலர்க்குழுவினர் கேட்டனர். துணிக்கும் பசைக்கும் ஆகும் செலவு ஒரு பிலிம் சுருளின் விலைக்கு மிகக் கீழே. மிகுதி பெரியவரின் கூலி. அவர் என்னிடம் மூன்றுக்கும் வாங்கவில்லை, ஒன்றுக்கே வாங்கினார். முதலிரண்டும் தம் பாடத்துக்கு என்றார். அவரையும் அவர் பட்டறையிற் படம் எடுத்துக் கொடுத்தேன். அது நன்கு வந்தது. மழைச்சட்டைத் துணியில் இன்னும் இரண்டு துருத்திக்குப் போதுமான அளவு என்னிடம் இருக்கிறது. கிழிந்த பெட்டி வைத்திருப்போர் கொண்டு வருக.